கொசு ஆய்வாளர் வளர்த்த பொன்மீன்கள்

கொசுவை ஒழித்த அதிகாரிகள் உலகில் எத்தனையோ பேர். கொசுவின் அருமையை உணர்ந்த அதிகாரி ஒருவர்தான். அவர் பெயர் கிறிஸ்துதாஸ்.

எண்பத்தெட்டாம் வருஷம் பாரிவாக்கத்தை அடுத்த ஒரு பேரூராட்சியில் அவர் கொசு ஒழிப்பு ஆய்வாளர். பேரூராட்சியின் கௌரவம் கருதிப் பெயர் வேண்டாம். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஒரு ஜோடி கோல்டு ஃபிஷ் வளர்த்தார். ஒருநாள் காலை பெண் மீன் ஆகாயத்தாமரை வேரெல்லாம் முட்டையிட்டது. இட்ட கையோடு, மீனுக்குக் கை கிடையாது என்பதால் வாயோடு, தின்னவும் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் உடனடியாக வாளிக்கு 'இடமாற்றம்' செய்தார். நாலைந்து நாளில் முந்நூறு குஞ்சுகள், வெறும் கண்ணும் வாலுமாக.

அவித்த மஞ்சள்கருவைத் துணியில் கட்டிப் பிழிந்து ஊட்டினார். வெள்ளைக்கரு மனைவி ஞானகுமாரிக்கு. இரண்டாம் வாரம் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்து மிதந்தன. பதறிப்போய்ப் பூந்தமல்லியில் மீன் விற்கும் அப்துல் ஜப்பாரிடம் ஓடினார்.

"மஞ்சக்கரு தண்ணியக் கெடுத்துடும் சார். உசுரோட கீற கொசுப்புழு வோணும். அதுக்கு நீங்க எங்க போவீங்க?"

தமது துறையை நினைத்து கிறிஸ்துதாஸின் நெஞ்சு முதல்முறையாக நிமிர்ந்தது.

இட்லிக் கடை கன்னியம்மாவின் தெருவில் பல வருஷமாகத் தேங்கிய சாக்கடை ஒன்று இருந்தது. அதைப் பற்றிப் பதினோரு மனுக்கள் வந்தும் அவர் அந்தப் பக்கம் போனதில்லை. இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு டீ வடிகட்டியும் பாட்டிலுமாக ஆஜரானார். தெருவே நெகிழ்ந்தது. கன்னியம்மா நாற்காலி போட்டு இட்லி வைத்தாள். புழு சாகச் சாக்கடையில் எண்ணெய் எப்போது ஊற்றுவீர்கள் என்றும் கேட்டாள். அவர் சொன்னார்:

"ஆய்வு நடக்குதும்மா. அவசரப்பட்டு ஒழிச்சிட்டா, எதை ஒழிச்சோம்னே தெரியாமப் போயிடும்."

ஆய்வாளரின் ஊக்கத்தைப் பார்த்து மருந்தடிக்கும் தசரதனுக்கும் ரோஷம் வந்தது. ஒருநாள் யாரும் சொல்லாமலே சாக்கடையில் எண்ணெய் ஊற்றிவிட்டான். மறுநாள் செத்து மிதந்த புழுக்களைப் பார்த்து கிறிஸ்துதாஸுக்குக் கண் கலங்கியது. 'முன் அனுமதியின்றிப் பணி செய்தமைக்கு' விளக்கம் கேட்டு மெமோ பறந்தது.

"கொசுவத்தான சார் கொன்னேன்?" என்றான் தசரதன்.

"யாரக் கேட்டுக் கொன்னே?"

சாக்கடையோரம் 'ஆய்வுப் பகுதி, மருந்து தெளிக்கத் தடை' என்று பலகை நட்டார்கள். சாக்கடையில் மறுபடி புழு வைக்கும்வரை குஞ்சுகளைக் காப்பாற்றியவை, கொசு ஒழிப்பு அலுவலகத்தின் பின்புறத் தண்ணீர்த் தொட்டியில் நெளிந்த புழுக்கள்.

தினமும் நேரில் சென்று ஆய்வு செய்தவர் என்று அவருக்குப் பதவி உயர்வோடு வெளியூர் மாற்றலும் வந்தது. வழியனுப்பு விழாவில், கொசுவுக்காகவே வாழ்ந்தவர் என்று பேரூராட்சித் தலைவர் உருகினார். ஊர்வலம்போல் எல்லோரும் வேன் வரை வந்தார்கள். உள்ளே ஞானகுமாரியின் மடியில் ஒரு கண்ணாடி ஜாடி, அதில் நாற்பது மீன்கள், பாதி பொன்னிறம். இவ்வளவு கொழுகொழுவென்று எப்படி வளர்த்தாய் என்று கன்னியம்மா கேட்டாள். உங்கள் தெருப் புழுவில்தான் என்று ஞானகுமாரி சூதுவாது தெரியாமல் பெருமைப்பட்டாள்.

கன்னியம்மா முழங்கைத் தடிப்பைச் சொறிந்துகொண்டே ஜாடியை எட்டிப் பார்த்தாள்.

"எங்க ரத்தத்தக் குடிச்சிட்டுத்தான கொசு முட்ட போட்டுது. அந்தப் புழுவத் துன்னுட்டுத்தான இதுங்க வளந்துச்சி. அப்ப இதுங்க எங்களுக்கு ரத்த சொந்தம்மா. ஐயாவ இதுங்கள நல்லா பாத்துக்கச் சொல்லு."