முன்பக்கத்துச் சத்தம்

"இப்ப குதி மச்சான்" என்றார் கலியமூர்த்தி, காருக்கு அடியிலிருந்து.

முன் பம்பரின்மேல் நின்றிருந்த அவருடைய மைத்துனன் காத்தவராயன் ஒரு குதி குதித்தான். 'டக்' என்றது.

"எந்தப் பக்கம்?"

"எடது பக்கம் மாமா."

"எனக்கு வலது பக்கந்தானே கேட்டுது. நல்லா குதி."

நன்றாகக் குதித்தான். 'டக் டக்' என்றது.

"இப்ப ரெண்டு பக்கமும் கேக்குது மாமா. சண்டையில்லாம போச்சு."

திருப்பாதிரிப்புலியூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த கலியமூர்த்திக்கு அந்தக் கறுப்புக் கார்தான் பட்டம், பதவி, பரம்பரை எல்லாம். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியபோது ஒரு துரையிடமிருந்து வாங்கியது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் தொட்டில் மாதிரி ஆடும்; அதுதான் அதன் ஒரே குறை. எந்த மெக்கானிக்கிடம் விட்டிருந்தாலும் அரைநாளில் சரிசெய்து கொடுத்திருப்பான். ஆனால் 'என் வண்டியில வேற எவன் கையும் பட்டதில்ல' என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கும் மனிதர் மெக்கானிக்கின் வாசலில் போய் எப்படி நிற்பது?

படம் போட்ட இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை வாங்கிவந்தார். படங்களை மட்டும் படித்தார். வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு, முன் சக்கரங்களைக் கழற்றி, உள்ளே தேய்ந்து கிடந்த 'புஷ்' என்கிற ரப்பர் வளையங்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதியவற்றைத் தம் கையாலேயே மாட்டினார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. ஆட்டம் நின்றுபோயிற்று. சத்தம் வந்துவிட்டது.

வேறு நாளாக இருந்தால் பரவாயில்லை. அன்று காலை அவர் மகள் மரகதத்தைப் பெண் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். "வர்றப்ப ரயில்ல வரட்டும். போறப்ப நானே நம்ம கார ஓட்டிக்கிட்டுப் போயி வூட்டு வாசல்ல எறக்கிவிடறேன்" என்று தரகரிடம் வீராப்பாகச் சொல்லியாயிற்று. முன்பு வந்துபோன இரண்டு இடங்களும் 'தகவல் சொல்லி அனுப்பறோம்' என்று போனவைதான். தகவல் இன்னும் வழியிலேயே இருக்கிறது. இந்த மாப்பிள்ளையின் போட்டோவை மரகதம் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிக்கொண்டு போனவள் திருப்பித் தரவே இல்லை. இந்த இடம் தவறக் கூடாது என்று கலியமூர்த்தி நினைப்பதற்கு அது ஒன்றே போதும்.

இதற்கு மேல் இன்னொன்று. மாப்பிள்ளையின் அப்பா சபாநாயகம், ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையரானவர். "டிராலியில போய்க்கிட்டே, எந்த எடத்துல போல்ட்டு லூசுன்னு காதாலயே சொல்லிடுவாரு" என்று தரகர் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"மெக்கானிக்க கூப்ட்டுடலாமா மாமா?"

"ஊரு சிரிக்கும்."

"இப்ப காரே சிரிக்குதே."

கலியமூர்த்தி எல்லா நட்டுகளையும் இன்னும் ஒரு சுற்று முறுக்கினார். 'டக்' சத்தம் இன்னும் கொஞ்சம் கெட்டிப்பட்டது. கிரீஸை அள்ளி அப்பினார். சத்தம் குறையவில்லை, வேட்டிதான் கறுத்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி இடுக்கில் திணித்தார். அதுவரை பள்ளத்தில் மட்டும் வந்துகொண்டிருந்த சத்தம் அதன்பிறகு சின்னக் கல்லுக்கும் வந்தது. மேற்கொண்டு வைத்தியம் பார்ப்பதற்குள் தெருமுனையில் ஜட்கா தெரிந்தது.

பெண் பார்த்த காரியம் என்னவோ நன்றாகவே நடந்தது. சபாநாயகம் வாய் ஓயாமல் பேசினார். டிராலிக் கதைகள் சொல்லி, கூடமே அதிரச் சிரித்தார். அவர் மனைவி புஷ்பவள்ளி மரகதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. ஆனால் சம்பந்தம் முடிவானால் ஒழியப் பெண் வீட்டுப் பண்டத்தில் கை நனைப்பதில்லை என்பது அவர்கள் வழக்கம். காபியை மட்டும் குடித்துவிட்டு எழுந்துகொண்டார்கள்.

"நானும் இவளும் வழியில யோசிச்சிக்கிறோம்" என்றார் சபாநாயகம். "சிதம்பரத்துல கால வச்சதும் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிடறேன். தரகரு, தபாலு, அதெல்லாம் எதுக்கு?"

கலியமூர்த்தியின் மனைவி முறுக்குப் பொட்டலம் ஒன்றைக் கட்டிக் காரில் வைத்தாள். வழியில் அவர்கள் எடுத்துக் கடித்தால் சம்மதம் என்று அர்த்தம். அவளுக்கும் சாமர்த்தியம் உண்டு.

சபாநாயகம் முன் சீட்டில் கம்பீரமாக உட்கார்ந்தார். பின் சீட்டில் நடுவே, மரியாதைக்குக் கொடுத்தனுப்பிய பழக்கூடையை வைத்து, ஒரு பக்கம் புஷ்பவள்ளி, மறுபக்கம் காத்தவராயன். விடியற்காலை ரயிலுக்கு எழுந்த அசதியில் புஷ்பவள்ளி, கார் கிளம்பியதுமே கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிப் போனார்.

முதுநகர் தாண்டும்வரை பள்ளம் மேடு பார்த்து, முட்டைக் கூடை சுமப்பவரைப் போல ஓட்டினார் கலியமூர்த்தி. அதற்கப்புறம் மேடு எது, பள்ளம் எது என்று பிரிக்க முடியாத சாலை.

"அப்ப பாருங்க, ராத்திரி மழை, பாலத்துக்கிட்ட வர்றேன், டிராலிக்காரன் சொல்றான்..."

'டக்.'

சபாநாயகம் பேச்சை நிறுத்தினார். "என்னமோ சத்தம் கேட்டுதே?"

"சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே" என்றார் கலியமூர்த்தி. "மச்சான், ஒனக்கு?"

"இல்லியே மாமா. வண்டி பூனை மாதிரில்ல போவுது."

'டக் டக்.'

"இப்ப?" என்றார் சபாநாயகம்.

"இப்பவும் ஒண்ணுமில்லீங்க. நம்ம வண்டியில சத்தம்ங்கிற பேச்சுக்கே எடமில்ல. ஒங்களுக்கு மட்டுந்தான் என்னமோ கேக்குது" என்று சொல்லிக் கலியமூர்த்தி சிரித்தார்.

சபாநாயகம் சிரிக்கவில்லை. அவர் முகம் மெல்ல இறுகியது. தோள் துண்டை எடுத்து வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சாலையையே பார்க்க ஆரம்பித்தார். மழையில் நின்ற டிராலி பாலத்துக்கு அந்தப் பக்கம் போகவே இல்லை.

'காதத் தீட்டிக்கிட்டு ஒக்காந்துட்டாரு' என்று கலியமூர்த்திக்கு வேர்த்தது. மெதுவாக ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு 'டக்'கும் தனித்தனியாக, தெளிவாகக் கேட்டது. வேகமாக ஓட்டினார். எல்லாம் சேர்ந்து உடுக்கை அடித்தது. சத்தத்தை அமுக்க, ஆள் இல்லாத சாலையில் ஹாரனை அழுத்திக்கொண்டே போனார். வயலில் நின்றவர்கள் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று கும்பிட்டார்கள்.

"மச்சான், சும்மா வர்றதுக்கு ஒரு முருகன் பாட்டு பாடேன்."

காத்தவராயன் பாடினான். அவனுக்குச் சுருதி கிடையாதே தவிர, தாளம் உண்டு. பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் முன்பக்கத்திலிருந்து கச்சிதமாக 'டக்' விழுந்தது. அது விழும்போதெல்லாம் சபாநாயகம் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"போதும் மச்சான். முருகனும் மனுஷன்தானே."

ஆலப்பாக்கத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று வண்டியை ஓரங்கட்டினார். பானெட்டைத் தூக்கி வைத்து அதன் மறைவில் ஸ்பேனரோடு குனிந்தார்.

"இறுக்கினதுல ஜாஸ்தியாச்சுன்னா, கழட்டுனா கொறையணும்ல?"

"நியாயமாத்தான் இருக்கு" என்று பக்கத்தில் வந்து நின்ற காத்தவராயன் கிசுகிசுத்தான். "ஆனா காருக்கு நியாயம் தெரியுமா மாமா?"

காலையில் முறுக்கியதையெல்லாம் தளர்த்திவிட்டு வந்து, முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு கையாலும் நீட்டினார் கலியமூர்த்தி.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குங்க சார். வூட்ல சுட்டது."

சபாநாயகம் முறுக்கைப் பார்த்தார். ஆசையோடுதான் பார்த்தார்போலத் தெரிந்தது. பிறகு துண்டை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையாட்டினார்.

கலியமூர்த்திக்கு நெஞ்சுக்குள் ஒரு 'டக்.' கை நனைக்க மாட்டேன் என்கிறாரே!

அங்கிருந்து கிளம்பியதும் சத்தத்தோடு ஸ்டியரிங்கும் நடுங்கத் தொடங்கியது. கலியமூர்த்தி அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

புதுச்சத்திரத்துக்கு அருகே ரயில்வே கேட் மூடியிருந்தது. கார் நின்றதும் சபாநாயகம் இறங்கி விறுவிறுவென்று போய், தூரத்தில் ஒரு பனைமரத்தின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தலை குனிந்திருந்தது. இரண்டு கையும் முகத்தில் இருந்தன.

"அழுவுறாரா மாமா?"

"தண்டவாளத்த பாத்து சத்தியம் பண்றாரு போல. இந்தப் பொண்ணு வேணாம்னு."

ரயில் போய், கேட் திறந்து, பின்னால் நின்ற மாட்டுவண்டிக்காரன் சத்தம் போட்ட பிறகுதான் அவர் திரும்பி வந்தார். முகத்தில் கொஞ்சம் தெம்பு தெரிந்தது. கார் தண்டவாளத்தைக் கடந்தது. 'டக் டக் டக் டக்.' தெம்பு போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

கோபுரங்கள் தெரிந்தன. இனி நேரமில்லை. சொல்லிவிடுவதுதான் வழி என்று பட்டது கலியமூர்த்திக்கு. 'சார், நான்தான் தெரியாத்தனமா கழட்டி மாட்டிட்டேன். வண்டிதான் கெட்டது, பொண்ணு தங்கம்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் போதும். ஊரில் இத்தனை நாள் சேர்த்த பெருமை முழுவதும் குறுக்கே வந்து நின்றது. போட்டோவை ஒளித்து வைத்திருக்கும் மகளை நினைத்து, பெருமையை விழுங்கினார்.

"சார், அந்தச் சத்தம்..."

சபாநாயகம் சட்டென்று கையைத் தூக்கி மறித்தார். "வேணாங்க" என்றார், துண்டுக்குள்ளிருந்தே. "தயவு பண்ணி அதப்பத்தி மட்டும் பேசாதீங்க."

அதற்குமேல் சத்தம் மட்டும் பேசிக்கொண்டே வந்தது.

தெற்கு வீதியில் வீட்டின்முன் கார் நின்றும் நிற்காமலும் இருக்கும்போதே சபாநாயகம் கதவைத் திறந்து இறங்கினார். சிதம்பரத்தில் காலை வைத்ததும் சொல்வதாக இருந்த அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடினார். தூக்கம் கலைந்து எழுந்த புஷ்பவள்ளி, "ஏங்க, ஏங்க" என்றபடி பழக்கூடையோடு பின்னாலேயே போனார்.

கலியமூர்த்தி ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"மரகதத்துக்கிட்ட போயி நான் என்னடா சொல்லுவேன்?"

"உள்ளத சொல்லுங்க மாமா. புஷ் வந்துது, மாப்ள போயிட்டாருன்னு."

"வாய மூடு."

உள்ளே தாழ்ந்த குரலில் ஏதோ பேச்சு நடந்தது. சற்று நேரத்தில் புஷ்பவள்ளி மட்டும் வெளியே வந்தார். தெருவில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, முகம் வாடி, கார் ஜன்னல் அருகே குனிந்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கண்ணே, போன வாரந்தான் அவருக்குப் புதுசா பல்செட்டு கட்டுனோம், அது வழி பூரா டக்கு டக்குன்னு அடிச்சிக்கிட்டு வந்தும் ஒண்ணுமே கேக்கலன்னு நீங்க பெரிய மனுஷத்தனமா சொன்னதுல கூனிக்குறுகிப் போயி உள்ள ஒக்காந்திருக்காரு, இதுக்காக இந்த சம்பந்தமே வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."