ரூபஸ் என்கிற வான்கோழியின் மன்னிப்பு மனு

வான்கோழிக் கறி விருந்தோடு கொண்டாடும் நன்றித் திருநாளுக்கு முன்பு ஒரு வான்கோழிக்கு உயிர்ப்பிச்சை அளிப்பது அமெரிக்கத் தலைநகரத்து வழக்கம். தலைநகரத்தில் எது நடந்தாலும் மின்னசோட்டாவிலுள்ள ஹார்லோ க்ரீக் ஊருக்கும் அதில் ஒன்று வேண்டும். ஆகவே அங்கேயும் ஆண்டுதோறும் மேயர் ஸ்டப்ஸ் அம்மையார் ஒரு வான்கோழியை மன்னித்து, அதோடு படம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் இன்னொன்றைச் சாப்பிடுவார்.

இந்த ஆண்டு முறை ரூபஸுக்கு. பண்ணைக்காரர் வெண்டெல் அதைக் குஞ்சிலிருந்து அடுப்படியிலேயே வைத்து வளர்த்தவர். ஊர் விருந்துக்குத் தருவதாக எப்போதோ வாய் தவறிச் சொல்லிவிட்டார். மன்னிப்புக் கிடைத்தால் ரூபஸ் வீட்டில், கிடைக்காவிட்டால் தட்டில். பாவம், மூன்று நாளாக மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

நகராட்சிக் குமாஸ்தா ப்ரூயிட், வெண்டெல் முன்னால் புதிய மன்னிப்புப் படிவத்தை விரித்தார்.

"மூணாவது கட்டம் காலியா இருக்கே. என்ன குத்தம் பண்ணிச்சு?"

"வான்கோழி சார் அது. அது என்ன குத்தம் பண்ணும்?"

"குத்தமே இல்லாம எப்படிய்யா மன்னிக்கிறது? அம்மா கையெழுத்துப் போட மாட்டாங்க."

ப்ரூயிட் தீர்க்கமாக ஆலோசித்து, 'விருந்துண்ட பொதுமக்களைத் தொலைக்காட்சிக் கால்பந்தாட்டத்தின் நடுவே உறக்கத்தில் ஆழ்த்தும் கூட்டத்தைச் சேர்ந்தது' என்று எழுதினார். குற்றம் என்று எழுதிவிட்டால் விசாரணை வேண்டுமே! மறுநாளே மேயர் தலைமையில் விசாரணை.

வெண்டெலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரூபஸ் மேல் பழியா? கால்நடை மருத்துவரைக் கையோடு அழைத்து வந்தார்.

"தூக்கம் வரவைக்கிற சத்து கோழிக்கறியில எவ்வளவோ, இதுலயும் அவ்வளவுதான்," என்றார் மருத்துவர். "மூணு தடவை உருளைக்கிழங்கு மசியல், மேல ரெண்டு துண்டு பூசணிக்காய் இனிப்பு. இவ்வளவும் உள்ள போனா யாருக்குத்தான் தூக்கம் வராது?"

சபை தலைகுனிந்தது. ரூபஸ் குற்றமற்றவர் என்று மேயர் தீர்ப்பளித்தார். வெண்டெல் அழுதேவிட்டார்.

"அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாங்களா அம்மா?"

"அதெப்படி? குத்தவாளியா இருந்தா மன்னிச்சிருப்பேன். நிரபராதியை மன்னிக்க எனக்கு ஏது அதிகாரம்?"

"குத்தவாளின்னே வெச்சுக்குங்கம்மா! என்னையே எத்தனை தடவை தூங்க வெச்சிருக்கு!"

"பொய்ச் சாட்சி சொல்லாதீங்க வெண்டெல். அதுக்குத் தனிப் படிவம் இருக்கு."

வியாழக்கிழமை, நன்றித் திருநாளன்று ஊர் விருந்து. யார் யார் எதற்கு நன்றி சொல்கிறார்கள் என்று வழக்கப்படி மேசையைச் சுற்றிக் கேட்டு வந்தார்கள். மேயர் எழுந்தார்.

"ஒரு பாவமும் அறியாத ஜீவனுக்கு நம்ம ஊர்ல நியாயம் கிடைச்சுதே, அதுக்கு."

எல்லோருக்கும் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு எல்லோரும் தட்டை நீட்டினார்கள். ப்ரூயிட் கரண்டியோடு வெண்டெலிடம் வந்து நின்றார். வெண்டெலும் தட்டை நீட்டினார்.

"கொஞ்சமா வையுங்க," என்றார்.