இருபத்தெட்டு நாளுக்கு முன் வாத்து வெளியேறாது

காரிமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

ஓசூரில் இருக்கும் மகன் மாதவராஜுக்கு அப்பா ராஜப்பன் எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் இருபத்துநாலு வாத்துக் குஞ்சுகளும் நலம். அங்கு நீயும் மருமகள் கலைமதியும் நலம் என்றே நினைக்கிறேன். போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுகிறாய். கடிதத்தில் அது முடியாது என்பதால் எழுதுகிறேன்.

"வெள்ளிக்கிழமை திருவிழாவுக்கு வர்றோம். அதுக்குள்ள என் ரூம்ல இருந்து வாத்தை வெளிய எடுங்கப்பா, இல்லைன்னா தருமபுரியில லாட்ஜ் எடுத்துத் தங்கிக்கறோம்" என்றாய். தாராளமாகத் தங்கு. அந்த ஏ.சி. ரூம் நீ கட்டியதுதான், மறுக்கவில்லை. வருஷத்தில் ஐந்து நாள் அதில் நீ இருக்கிறாய். மீதி நாளெல்லாம் பல்லி இருக்கிறது. அதை ஒரு நாளும் நீ காலி செய்யச் சொன்னதில்லை.

குஞ்சு வளர்க்கத் தெரியுமா என்று வேறு கேட்டாய். பதினெட்டு வருஷம் பட்டுப்புழு வளர்த்தவனைக் கேட்கிற கேள்வியா இது? புழுவுக்கு என்ன வேண்டும்? அளவான சூடு, சுத்தம், அமைதி. குஞ்சுக்கும் அதேதான். சந்தையில் வாங்கி வந்த அன்றே உன் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, புழு கூடு கட்டுகிற மூங்கில் தட்டிகளை நாலு பக்கமும் நிறுத்திக் கட்டினேன். நடுவில் பல்பு தொங்கவிட்டேன். பளிச்சென்று எரிந்தது, ஆனால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தின. தொட்டுப் பார்த்தால் பல்பில் சூடே இல்லை. கடைக்காரர் "எல்.இ.டி.ங்க, கரண்ட் மிச்சம்ங்க" என்றார். எனக்கு மிச்சம் வேண்டாம், சூடு வேண்டும் என்று தருமபுரி முழுக்கத் தேடி நூறு வாட் குண்டு பல்பு இரண்டு வாங்கி வந்தேன். கீழே பேப்பர் விரித்தேன், கால் வழுக்கிக் குப்புற விழுந்தன. அதனால்தான் கலைமதி அந்த ரூமில் விட்டுப்போன யோகா பாயை விரிக்க வேண்டி வந்தது. வாத்துதானே, நீந்தட்டும் என்று பேசினில் தண்ணீர் வைத்தேன். தாய் இல்லாத குஞ்சுக்கு உடம்பில் எண்ணெய்ப் பசை இருக்காதாம், அத்தனையும் நனைந்து வெடவெடத்தன. அதனால்தான் மருமகள் தலைமுடி காயவைக்கும் மெஷினை எடுத்தேன். இருபத்துநாலையும் ஒவ்வொன்றாகக் காயவைத்தேன். ஒன்றுகூடச் சாகவில்லை. மெஷின்தான் செத்தது.

உள்ளே வருகிறவர்கள் கால் கழுவ வேண்டும், பவுடர் பூசக் கூடாது, வீட்டில் ஊதுபத்தி ஏற்றக் கூடாது. எல்லாம் புழு வீட்டுச் சட்டம்தான். உன் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, புழுவுக்குத்தான் வாசம் ஆகாது, வாத்துக்கு என்னங்க? அதுங்க அடிக்கிற நாத்தத்துக்கு ஊதுபத்தி ஏத்தலைன்னா சாமியே வூட்டை வுட்டு எந்திரிச்சுப் போயிரும்."

"சட்டம்னா சட்டம்தான்" என்றேன்.

"ரெண்டு புள்ளை பெத்தேன். ஒண்ணுக்காவது இப்படி ஒரு நாள் பக்கத்துல உக்காந்தீங்களா?"

அதற்குப் பதில் எழுதிக் கடிதத்தை நீட்ட விரும்பவில்லை.

முட்டை பொரிந்து புழு கூடு கட்டி முடிய இருபத்தெட்டு நாள். குஞ்சுக்கும் அதே கணக்குதான். உன் அக்கா நிச்சயதார்த்தத்தின்போது வீட்டில் இடம் வேண்டும் என்று எல்லாரும் நெருக்கியதால் ஒரு நாள் முந்திப் புழுவைக் கூடு கட்டத் தட்டியில் விட்டேன். அந்தத் தடவை ஒரு கூடும் தேறவில்லை. இன்று குஞ்சுகளுக்கு இருபத்திரண்டாம் நாள். வெள்ளிக்கிழமை இருபத்தேழு. ஒரு நாள்தானே என்பாய். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ வந்தாலும் சரி, கலெக்டரே வந்தாலும் சரி, கதவு திறக்காது.

உனக்கும் கலைமதிக்கும் என் ஆசீர்வாதம். லாட்ஜில் தங்கினாலும் அது பலிக்கும்.

இப்படிக்கு,
சொன்ன சொல்லில் நிற்கும் அப்பா,
ராஜப்பன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கலைமதி போன் செய்தாள். உன் அம்மா அனுப்பிய போட்டோவைப் பார்த்தாளாம். இண்டூரில் அவள் அப்பா வீட்டில் வாத்து வளர்த்தார்கள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. "மாமா, எல்லாம் பல்பை வுட்டு மூலைக்குப் போயி வாயைத் தொறந்துகிட்டு நிக்குது பாருங்க. சூடு தாங்கலைங்க மாமா. இறகு வந்துருச்சு, வெளிய வுடுங்க" என்றாள். கண்ணாடி போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். வாய் திறந்துதான் இருந்தது. பல்பை அணைத்துக் கதவைத் திறந்தேன். இருபத்துநாலும் வரிசையாக வீட்டுக்குப் பின்னால் போயின. ஒன்றாவது என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டுமே! ரூமைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் காய்ந்துவிடும். இரண்டு பேரும் நேராக வீட்டுக்கு வாருங்கள். மேலே எழுதியதில் ஒரு வார்த்தையையும் நான் மாற்றவில்லை. ரூமை மட்டும் காலி செய்துவிட்டேன்.