டோர்பிடோ அண்ணையின் வாழ்த்துரை

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் தாலி கட்டிய எந்த மாப்பிள்ளையும் டோர்பிடோ படகைப் பற்றித் தெரியாமல் வீட்டுக்குப் போனது கிடையாது. கேக் வெட்டிய குழந்தைகளும் தப்பவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே மனிதர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். நாங்கள் டோர்பிடோ அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். அவரும் திரும்பிப் பார்த்தார்.

மல்வேர்ன் பகுதியில் எங்கள் வீட்டு வரிசையில் ஒரு டவுன்ஹவுஸின் நிலக்கீழ் பேஸ்மென்ற்றில் குடியிருந்தார். நகர நடுவில், டவுன்ரவுனில், செக்யூரிட்டி வேலை. கள்ளனே எட்டிப் பார்க்க விரும்பாத கட்டடம் என்பதால் வேலை நேரம் முழுக்க நூலகப் புத்தகம் வாசிப்பார். அதுவும் அந்தக் காலத்துப் போர்க்கப்பல் புத்தகங்கள் மட்டும்.

ஊரில், யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைப் பக்கம், அவருக்கு ஒரே தம்பி. கடற்றொழில். யுத்தத்தால் கடலில் இறங்கத் தடை இருந்த காலம் அது. தடை வயிற்றுக்குத் தெரியாது என்பதால் தம்பி இறங்கிக்கொண்டுதான் இருந்தான். அங்கே டெலிபோன் கிடையாது. ஊரிலிருந்து யாராவது கொழும்புக்கு வந்து போன் எடுத்துச் சொன்னால்தான் அவன் உயிரோடிருக்கிறான் என்பது தெரியும். அந்தச் செய்தி வராத வாரங்களில் அண்ணை இன்னும் தடிப்பான புத்தகமாக எடுத்து வருவார்.

வெண்கலக் குரல் அவருக்கு. பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்குப் பரிசெல்லாம் வாங்கியவராம். ஆகவே எந்த விழாவென்றாலும் வாழ்த்துரை அவருடையது. ஒலிபெருக்கியும் மைக்கும் என்னுடையவை. இருவரும் என் வான் வண்டியில்தான் போவோம். அதனால் அவருடைய வாழ்த்துரைகளை ஒன்றுவிடாமல் கேட்ட ஒரே பாவி நான்.

முதன்முதலில் கேட்டது பூப்பெய்திய ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டில். பிள்ளை நகையும் பூவுமாக மேடையில் இருக்கிறாள். அண்ணை தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை வளந்திட்டா. உலகத்தில எல்லாமே சின்னனாத்தான் துடங்கினது. டோர்பிடோவும் அப்பிடித்தான். முதல்ல அது ஒரு கம்பு. கம்பு நுனியில குண்டு. சின்னப் படகில நாலைஞ்சு பொடியள் ஏறி, இருட்டில போய், பெரிய கப்பலின்ரை வயித்தில அதைக் கொண்டுபோய் இடிக்கோணும். இடிச்சால் கப்பலும் தாழும், கனதடவை பொடியளும் தாழுவாங்கள்."

பிள்ளையின் தாய் கண்ணைத் துடைத்தார். ஆனந்தக் கண்ணீரா என்று விசாரிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

எங்கள் விழாக்களுக்கெல்லாம் நிரந்தர அறிவிப்பாளர் சிவத்தார். நேரத்துக்கு முடிக்காத பேச்சாளர்களுக்காக ஒரு மேசை மணி வைத்திருப்பார். அதை 'டிங்' என்று தட்டினார்.

"அண்ணை, சோறு ஆறுது."

அடுத்தது ஒரு கலியாணம். இந்த முறை கதை கொஞ்சம் முன்னேறியிருந்தது.

"பிறகு கம்பு போய், தண்ணிக்குள்ளால தானா ஓடுற குண்டு வந்தது. அதைக் காவிக்கொண்டு திரியவெண்டே கெதியா ஓடுற படகுகள் கட்டினாங்கள். தகரம் மாதிரி உடம்பு. உள்ளுக்கை பொயிலர் வெடிச்சால் பக்கத்தில நிக்கிறவன் அவிஞ்சு போவான். கலியாணமும்..."

டிங். கலியாணமும் என்ன என்பது அந்தத் தம்பதிக்கு இன்றுவரை தெரியாது. நல்ல காலம், சேர்ந்துதான் இருக்கிறார்கள்.

பிறகு பிளாசா ஒன்றில் மளிகைக் கடைத் திறப்பு விழா. இரண்டு கடை தள்ளி ஏற்கெனவே ஒரு மளிகைக் கடை இருந்தது. அந்த முதலாளியும் மரியாதைக்கு வந்து முன்வரிசையில் இருந்தார்.

"சின்னப் படகைக் கண்டு பெரிய கப்பல்காரருக்கு நித்திரை இல்லாமப் போச்சு. உடனை, டோர்பிடோ படகுகளைத் துரத்திப் பிடிச்சு அழிக்கவெண்டே இன்னொரு கப்பல் கட்டினாங்கள். அதுதான் டிஸ்ட்ரோயர். பிறகென்ன, அதுக்கும் டோர்பிடோவைப் பூட்டினாங்கள். அழிக்க வந்தது அதுவாவே மாறிச்சுது!"

இரண்டு முதலாளிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிவத்தார் அன்று மணியைத் தட்டிய வேகத்தில் அது மேசையிலிருந்து விழுந்து உருண்டது.

வீடு திரும்பும்போது வானில் கேட்டேன்.

"அண்ணை, உந்தக் கதைக்கு முடிவே இல்லையோ?"

"இருக்குத் தம்பி. முக்கியமான இடம் இனித்தான் வருகுது. விடுறாங்கள் இல்லையே."

"அப்ப எனக்குச் சொல்லுங்கோவன்."

"வானுக்கை வைச்சுச் சொல்லுற கதை இல்லை உது. நாலு பேர் இருந்து கேக்கோணும்."

அந்த மாரிக் குளிரில் கொழும்பிலிருந்து போன் வந்தது. தம்பி கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. படகுப் பலகை சில கரையொதுங்கியிருக்கிறது, ஓட்டைகளோடு. கடற்படையின் ரோந்துக் கப்பல் ஒன்று வெளிச்சம் அடித்ததைக் கரையிலிருந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. உடலும் இல்லை.

அஞ்சலிக் கூட்டத்தை ஓர் அடுக்குமாடியின் பார்ட்டி ரூமில் வைத்தோம். முதல்நாள் யாருக்கோ பிறந்தநாளாம். பலூன் ஒன்று கூரையில் ஒட்டிக்கொண்டு நின்றது. எட்டி எடுக்க எவருக்கும் உயரம் போதவில்லை. அதற்குக் கீழே தம்பியின் படம், மாலை, குத்துவிளக்கு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

சிவத்தார் என் காதோரம் குனிந்தார்.

"இண்டைக்கும் உதைத்தான் கதைப்பாரோ?"

"கதைக்கட்டும் அண்ணை."

அவர் மணியை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

டோர்பிடோ அண்ணை மைக்கைப் பிடித்தார். "முதல்ல அது ஒரு கம்பு" என்றார். பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். கம்பு போனது, தானாக ஓடும் குண்டு வந்தது, தகரப் படகு வந்தது, டிஸ்ட்ரோயர் வந்தது. யாரும் அசையவில்லை.

"பயம் பிடிச்சவனுக்குக் காணுற படகெல்லாம் டோர்பிடோ படகுதான். ஒருக்கா யப்பானோடை சண்டைக்குப் போன ரஷ்யாக்காரரின்ரை கப்பல் கூட்டமொண்டு வடகடலால போகேக்கை, இருட்டில சின்னப் படகுகளைக் கண்டவை. யப்பான்காரன்ரை டோர்பிடோ படகெண்டு நினைச்சுச் சுட்டவை. பயத்தில தங்கடை கப்பலையும் சுட்டவை. கடைசியில பாத்தால் அது இங்கிலீஸ்காரரின்ரை மீன்பிடிப் படகுகள். கப்பல் வெளிச்சம் அடிக்க, அந்தச் சனம் என்ன செய்ததெண்டு தெரியுமே? கையில கிடந்த மீனைத் தூக்கிக் காட்டினவை. நாங்கள் மீன் பிடிக்கிற ஆக்கள், நல்லா வடிவாப் பாருங்கோ எண்டு. அப்பிடியும் செத்தவை."

வெண்கலக் குரல் எங்கேயோ போய்விட்டது.

"என்ரை தம்பியும் தூக்கிக் காட்டியிருப்பான்."

மைக்கை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். சிவத்தார் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார். நானும்தான்.

அந்த மனிதருக்குக் கப்பல் பைத்தியம் என்று ஊரே சொன்னது. பைத்தியமல்ல. பெரிய கப்பலின் மேலே நிற்கிறவன் கண்ணுக்குத் தன் தம்பியின் படகு எப்படித் தெரியும் என்றுதான் அவர் புத்தகம் புத்தகமாகத் தேடிக்கொண்டிருந்தார். தேடியதைச் சொல்லவும் நாலு பேரைத் தேடினார்.

அடுத்த கோடையில் என் மகளுக்கு முதலாவது பிறந்தநாள். வாழ்த்துரைக்கு அண்ணையைக் கூப்பிட்டேன். நேரக் கட்டுப்பாடு கிடையாது என்று சிவத்தாரிடம் முதலே சொல்லிவைத்தேன். அண்ணை மேடையேறினார்.

"பிள்ளை நல்லா இருக்கோணும்."

அவ்வளவுதான். இறங்கி வந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணை, அந்தக் கம்புக் கதை?"

என் தோளில் தட்டினார். "அது முடிஞ்சுது, தம்பி."

எங்கள் விழாக்களின் சரித்திரத்தில் முதல்தடவையாக அன்று எல்லோருக்கும் சோறு சுடச்சுடக் கிடைத்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.