முதலாளியின் ஜெட்டும் என் சுதந்திரமும்

ஜெட் விமானம்தான் வாங்குவது என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

பணம் என்னுடையதல்ல. அதனால் தீர்மானிப்பதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. பணம் என் முதலாளி நாராயணசாமியுடையது. மருந்துக் கம்பெனிகளுக்குக் காலி கேப்ஸ்யூல் உறை செய்து விற்பவர். உள்ளே ஒன்றுமே இல்லாத சரக்கை விற்றுக் கோடீஸ்வரர் ஆனவர், அரசியலை விட்டுப் பார்த்தால், புதுச்சேரியில் அவர் ஒருவர்தான். அவரிடம் நான் பர்ச்சேஸ் மேனேஜர். குண்டூசியிலிருந்து ஃபோர்க்லிஃப்ட் வரை நான் விலை பேசாமல் எதுவும் கம்பெனிக்குள் வராது.

ஒரு நாள் கூப்பிட்டார்.

“கோபி, ஒரு ப்ளேன் வாங்கலாம்னு இருக்கேன்.”

“எத்தனை சார்?” என்று கேட்டுவிட்டேன். தொழில் பழக்கம்.

“ஒண்ணு போதும்யா. ரெண்டு மாடல் சொல்றாங்க. ஒண்ணு சின்ன ஜெட்டு. இன்னொண்ணு இத்தாலிக்காரன் பண்ணது, விசிறி வச்சது. டர்போப்ராப்புங்கறான். வாங்கறதப் பத்தி கவல இல்ல. யானையக் கட்டித் தீனி போடணுமே, அதான் கவல. எது கட்டுப்படியாவும்னு பாத்துச் சொல்லு.”

விமானத் தரகர் பிரேம்குமாரிடம் போனில் பாடம் கேட்டேன். அந்த இத்தாலிக்காரனின் விமானம் ஒரு தினுசு. ஊரில் உள்ள விமானத்துக்கெல்லாம் விசிறி முன்னால் என்றால், இதற்குப் பின்னால். மூக்கில் மீசை போல ஒரு குட்டி இறக்கை வேறு. ஆனால் வேகத்தில் ஜெட்டைத் தொட்டுவிடும். எண்ணெய் குடிப்பது மட்டும் மிகக் குறைச்சல். பத்தியச் சாப்பாட்டுக்காரன்.

“அப்ப இதையே வாங்கிடலாமே?” என்றேன்.

“வாங்கலாம் சார். ஆனா உலகத்துலயே கொஞ்சம் பேருகிட்டதான் இருக்கு. ஒரு போல்ட்டு போச்சுன்னா கப்பல்ல வரணும். மெக்கானிக்கு ஃப்ளைட்டுல வரணும். நாளைக்கு விக்கப் போனா வாங்க ஆள் கெடைக்காது.”

“ஜெட்டு?”

“அது குடிகாரன் சார். ஆனா ரிப்பேருக்கு எங்க போனாலும் ஆள் இருக்கு. கொஞ்சமா பறக்கறவருக்கு ஜெட்டு. நெறைய பறக்கறவருக்கு விசிறி.”

எங்கள் முதலாளி மாதத்தில் பாதி நாள் மும்பையிலும் ஐதராபாத்திலும் கிடப்பவர். விசிறிதான் லாபம் என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. அப்படியே எழுதிக் கொடுத்திருப்பேன். அந்த நேரம் பார்த்து பிரேம்குமார் இன்னொன்றையும் சொன்னார்.

“சார், உங்க ஊரு லாஸ்பேட்டை ஏர்போர்ட்டு ஓடுபாதை குட்டை. விசிறி வச்சது சுலபமா எறங்கி ஏறிடும். ஜெட்டு முழு லோடோட ஏறாது. அதைச் சென்னையிலதான் நிறுத்தணும். உங்க ஆளு ஒருத்தரு திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் அங்கயே தங்கிப் பாத்துக்கணும். கம்பெனி ஃப்ளாட்டு எடுத்துக் குடுத்துடும்.”

அந்தக் கணத்தில் நான் ஜெட் கட்சியில் சேர்ந்தேன்.

என் மனைவி சிவசங்கரியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். குருசுக்குப்பத்து மீன்பிடி போட்டுக்காரர் சுப்ரமணியின் மகள். மாமனார் கொடுத்த மனையில்தான் எங்கள் வீடு நிற்கிறது. மாடி அறையின் ஜன்னலைத் திறந்தால் கடல். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. அந்தக் கோட்டில் சிவசங்கரி காவல் நிற்கிறாள். விடிவதற்குள் எழுப்பி பீச் ரோட்டுக்கு விரட்டுவாள். காலையில் கேழ்வரகு, இரவில் கோதுமை. பரோட்டா என்று வாயால் சொன்னாலே முகர்ந்து பார்ப்பாள். கல்யாணமான நாள் முதல் நான் விரும்பிய நேரத்தில் தூங்கியதில்லை, விரும்பியதைத் தின்றதில்லை. வாரத்தில் ஐந்து நாள் சென்னையில் தனி ஃப்ளாட் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல இருந்தது.

வீட்டில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு விஷயத்தை அவிழ்த்தேன்.

“ஜெட்டு வாங்கினா இங்க எறங்காதாம், சங்கரி.”

“சுத்தமா எறங்காதா?”

“காலியா வேணா வந்துட்டுப் போவும். சென்னையிலதான் நிக்கணும்.”

“கூட யாரு இருப்பா?”

விட்டத்தைப் பார்த்தேன். “யாராவது ஒரு பாவப்பட்டவன அனுப்புவாங்க.”

“அந்தப் பாவப்பட்டவரு நீங்கதானா?”

“மொதலாளி சொன்னா தட்ட முடியுமா?”

கேட்காமலே இன்னொரு கோதுமை தோசை வைத்தாள். பிரிவுத் துயரம் என்று நினைத்துக்கொண்டேன்.

“விசிறி வச்சது வாங்கினா?” என்றாள்.

“அது லாஸ்பேட்டையிலயே நிக்கும். எனக்கும் அங்கதான் வேல. மத்தியானம் சாப்பாட்டுக்கே வீட்டுக்கு வந்துடுவேன்.”

“மத்தியானமுமா?”

கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். இவ்வளவு பாசம் வைத்திருப்பவளை ஏமாற்றுகிறோமே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் தோசையை முழுங்கிவிட்டேன்.

“செலவு எதுக்குக் கம்மி?”

“ஜெட்டுக்கு” என்றேன், கூசாமல்.

“அது எப்படிங்க? எண்ண கம்மியா குடிக்கிற இன்ஜின்தான கட்டுப்படியாவும்? நான் போட்டுக்காரர் வீட்டுப் பொண்ணு, என்கிட்டயே சொல்றீங்களே.”

மாட்டிக்கொண்டேன். கப்பலில் வரும் போல்ட்டையும் ஃப்ளைட்டில் வரும் மெக்கானிக்கையும் எடுத்து விட்டேன். அவள் முகம் மலர்ந்தது.

“வாஸ்தவந்தான். எங்கப்பா ஒரு தடவ ஊருல யாருகிட்டயும் இல்லாத இன்ஜினா வேணும்னு தேடிப் புடிச்சி வாங்கியாந்தாரு. சீசன் பூரா ஒரு ஸ்க்ரூவுக்காகப் போட்டு மணல்லயே கெடந்துச்சி. கோழி அடைகாத்துச்சி அதுல. இதையும் எழுதுங்க.”

“கோழியையா?”

“கோழியையும் எழுதுங்க. மொதலாளிக்குப் பயம் வரணும்ல?”

கட்டிய மனைவியே கூட உட்கார்ந்து என் பொய்க்கு முட்டுக் கொடுத்தாள். இப்படி ஒரு அப்பாவியா என்று எனக்கே இரக்கமாக இருந்தது. ஜெட்டின் எண்ணெய்ச் செலவை அடியில் பொடி எழுத்தில் போட்டேன். விசிறியின் உதிரிப் பாகத்தை மேலே கொட்டை எழுத்தில் போட்டேன்.

முதலாளி பொடி எழுத்திலிருந்துதான் படிக்க ஆரம்பித்தார். பணக்காரர்கள் அப்படித்தான் பணக்காரர் ஆகிறார்கள்.

“நான் பறக்கற பறப்புக்கு விசிறிதான்யா லாபம். போல்ட்டு, நட்டெல்லாம் சேத்து வாங்கி வச்சிடுவோம். நீதான் பர்ச்சேஸ் மேனேஜர் ஆச்சே. சென்னைக்குப் போய்ப் ப்ளேன் ஏறணும்னா நான் எதுக்குய்யா சொந்தமா வாங்கணும்?”

என் ஃப்ளாட், என் தூக்கம், என் பரோட்டா எல்லாம் அவர் மேஜை மேலேயே செத்து விழுந்தன. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன்.

“விசிறிதானாம், சங்கரி. நான் இங்கயேதான் இருப்பேன். நீ கவலப்படாத.”

அவள் கவலைப்பட்டாள். என்னை விட அதிகமாகவே பட்டாள். கொல்லைப்பக்கம் போய் நின்றுவிட்டு வந்தாள்.

“நாளைக்கு ஞாயித்துக்கெழம. அப்பா போட்டுல வஞ்சிரம் வந்தா நிர்மலாதேவி அக்கா வீட்டுக்கு எடுத்துட்டுப் போவணும். நீங்களும் பையத் தூக்கிட்டு வாங்க.”

நிர்மலாதேவி முதலாளியம்மா. கம்பெனியில் முதலாளி சொன்னால் நடக்கும். முதலாளிக்கு அந்த அம்மா சொன்னால் நடக்கும். மறுநாள் நான் மீன் பையோடு சமையலறை வாசலில் நின்றேன். உள்ளே விமான வியாபாரம் நடந்தது.

“ப்ளேன் வாங்கறீங்களாமேக்கா?”

“ஆமா சங்கரி. இத்தாலியாம். செலவு ரொம்பக் கம்மியாம்.”

“விசிறி வச்சதாமே?”

“வச்சா என்ன?”

“ஒண்ணும் இல்லக்கா. லாஸ்பேட்டைக்கு டிக்கெட் எடுத்து வர்ற ப்ளேனும் விசிறி வச்சதுதான். நம்ம பார்வதி மவனப் பாக்க அதுலதான் ஐதராபாத் போயிட்டு வந்தா.”

“எந்தப் பார்வதி? நமக்கு மாவு அரைச்சிக் குடுப்பாளே, அவளா?”

“அவளேதான்க்கா. சன்னலுக்குப் பக்கத்துலயே விசிறி சுத்துச்சின்னு தெரு பூரா சொன்னா. நாளைக்கு நீங்க சொந்தப் ப்ளேன்ல ஏறுவீங்க. கீழருந்து பாக்கறவனுக்குச் சொந்தம் எது, டிக்கெட் எதுன்னு எப்படித் தெரியும்? ரெண்டுலயும் விசிறி. அதாங் கேட்டேன். வஞ்சிரத்தத் துண்டு போடவாக்கா?”

நிர்மலாதேவி அம்மா மீனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க” என்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

நான் ராப்பகலாகக் கணக்குப் போட்டுச் சாதிக்க முடியாததை வஞ்சிரம் வேகுமுன் சாதித்துவிட்டாள் என் மனைவி. திங்கட்கிழமை முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “ஜெட்டே இருக்கட்டும்யா. நீ எழுதியிருந்த அந்தக் கோழி விஷயம் மனசுல உறுத்துது.”

மழைக்காலம் முடிந்து ஜெட் சென்னைக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் சிவசங்கரி என்னைச் சென்னைக்கு அனுப்ப ஆயத்தமாகிவிட்டாள். என் துணிமணி மொத்தத்தையும் பெட்டியில் அடுக்கினாள். பொங்கலுக்குக் கட்டும் பட்டு வேட்டி வரைக்கும்.

“அஞ்சு நாளைக்கு எதுக்கும்மா இவ்ளோ?”

“இருக்கட்டுமே. இங்க இருந்து மட்டும் என்னா பண்ணப்போவுது?”

மாடி அறைக்கு வெள்ளையடித்தாள். புதிதாக வெள்ளைப் படுக்கை விரிப்பு வாங்கினாள். புருஷன் இல்லாத வீட்டை இவ்வளவு பக்தியாக வைத்திருக்கப் போகிறாளே என்று பஸ்ஸில் ஏறும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதல் சுங்கச்சாவடி வரைக்கும் கலங்கியே இருந்தது. அதற்குப் பிறகு பரோட்டா ஞாபகம் வந்து சரியாகிவிட்டது.

சென்னையில் என் ராஜ்யம் நடந்தது. காலையில் பரோட்டா, மதியம் பரோட்டா, இரவில் கொத்துப் பரோட்டா. வெயில் முதுகைச் சுடும்வரை தூங்கினேன். வேலை என்று பார்த்தால் ஜெட்டுக்குப் பக்கத்தில் நிற்பதுதான். சென்னைக்குக் காரில் வந்து ப்ளேன் ஏற முதலாளிக்கு அலுப்பு. அதனால் அது பறக்கவில்லை. பறக்காவிட்டாலும் தின்றது. நிற்பதற்கு வாடகை, பைலட்டுக்குச் சம்பளம், இன்சூரன்ஸ். அதுவும் நானும் ஒரே மாதிரி, நின்ற இடத்திலேயே கொழுத்தோம்.

புதன்கிழமைக்குள் எனக்குச் சலித்துவிட்டது. பிடிக்க ஆள் இல்லாமல் தின்கிற பரோட்டாவில் ருசி இல்லை. எழுப்ப ஆள் இல்லாத தூக்கமும் தூக்கமாக இல்லை. வியாழக்கிழமை வயிறு கெட்டது. ஒரு வெந்நீர் வைத்துக் கொடுக்க நாதி இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். எனக்குச் சங்கரி வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேழ்வரகுக் கூழ்கூட வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்து பாண்டிச்சேரி வந்து, பஸ் ஸ்டாண்டில் இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வாசலில் புது போர்டு தொங்கியது. ‘கடலோசை ஹோம் ஸ்டே.’ தெரு மாறி வந்துவிட்டோமோ என்று திரும்பிப் பார்த்தேன். தெரு சரியாகத்தான் இருந்தது.

என் மாடி அறையிலிருந்து அரைக்கால் சட்டை போட்ட ஒரு பெங்களூர்ப் பையனும் அவன் மனைவியும் இறங்கி வந்தார்கள்.

“அங்கிள், ஸ்கூட்டர் வாடகைக்கு எங்க கிடைக்கும்?”

எனக்குத் தெரியாது. அந்த ஊரில் பிறந்த எனக்கு யாரும் அதுவரை ஸ்கூட்டர் வாடகைக்கு விட்டதில்லை. கூடத்தில் சிவசங்கரி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். கொல்லையில் மாமனார் தங்க வந்தவர்களுக்கு மீன் வறுத்துக்கொண்டிருந்தார்.

“சங்கரி, இன்னா இதெல்லாம்?”

“வந்துட்டீங்களா? சொல்லிட்டு வர மாட்டீங்க? ரூம் விட்டிருக்கேங்க. வெள்ளி, சனி, ஞாயிறானா ஊரு பூரா ரூமுக்கு நாயா அலையறாங்க. கடலப் பாத்த ரூமு, அதுல நீங்க படுத்துக் குறட்ட விட்டுட்டு இருந்தீங்க. நீங்க இருக்கற வரைக்கும் நான் அத எப்படி வாடகைக்கு விடறது?”

எனக்கு மெல்ல உறைத்தது. “அப்ப நிர்மலாதேவி அம்மாகிட்ட நீ பேசினது?”

“உங்களுக்கும் போவணும்னு ஆசையா இருந்திச்சி. எனக்கும் தோதா இருந்திச்சி. சரி, பரோட்டா நல்லா இருந்திச்சா?”

நான் மல்லிகையை மேஜை மேல் வைத்தேன். அவள் அதை எடுத்து அழகாக இரண்டாக நறுக்கி, ஒன்றைப் பெங்களூர்ப் பெண்ணுக்குக் கொடுத்தாள்.

“விசிறி வச்சதையே வாங்கியிருக்கலாம், சங்கரி” என்றேன்.

“இப்ப சொல்லி என்னா பண்றது?”

“நான் எங்க படுக்கறது?”

“கீழ ரூமையும் குடுத்தாச்சே. நானும் எங்கம்மாவும் கூடத்துல படுக்கறோம். வார நாள்லயும் லேப்டாப்புல வேல பாக்கற பசங்க ரெண்டு பேரு தங்க வர்றாங்க.” நிஜமான பரிதாபத்தோடு என்னைப் பார்த்தாள். போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். முகம் பிரகாசமானது.

“அடுத்த மாசம் ஒரு செவ்வாக்கெழம காலியா இருக்குங்க. உங்க பேருக்குப் போட்டுடட்டுமா? அட்வான்ஸ் மட்டும் இப்பவே கட்டிடணும்.”

கட்டினேன்.