சின்ன ஜாரின் அடியில்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு பெரிய கடை இருக்கிறது. பெயர் வேண்டாம். அதன் கீழ்த்தளத்தில், குக்கர்களும் இட்லிப் பானைகளும் அடுக்கி வைத்த இடத்தைத் தாண்டிப் போனால், வாங்கின சாமானைத் திருப்பித் தருகிற கவுண்டர் வரும். பத்து வருடங்களாக நான் அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. பருப்பு வாங்குவேன், ஊதுபத்தி வாங்குவேன், அந்த மூலை வந்தால் மட்டும் பாத்திரங்களைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன்.

காரணம் இதுதான். அந்தக் கடையில் நான் ஒரு மிக்ஸி ஜாரைத் திருடினேன். (திருட்டு என்று சொன்னால் என் ஆபீஸ் நண்பன் பாஸ்கருக்குக் கோபம் வரும். 'ரிட்டர்ன் பாலிசி' என்று சொல்லச் சொல்வான்.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம். செல்வி மாசமாக இருந்தாள். வளைகாப்புக்குத் திண்டுக்கல் போய், ஊர்ச் சோறெல்லாம் சாப்பிட்டுவிட்டு, அவளை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் ஆங் மோ கியோ வீட்டுக்குத் திரும்பினேன். பிரசவம் முடிந்து, குழந்தைக்கு பாஸ்போர்ட் எடுத்து, அவர்கள் வந்து சேர ஆறு மாதமாவது ஆகும்.

முதல் வாரம் சுதந்திரமாக இருந்தது. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டேன். கேட்க ஆளில்லை. இரண்டாவது வாரம், கேட்க ஆளில்லையே என்று இருந்தது. அவள் கழற்றிப் போட்ட வீட்டுச் செருப்பு வாசலில் எப்படிக் கிடந்ததோ அப்படியே விட்டிருந்தேன். அதைத் தாண்டிக் கால் வைத்துதான் உள்ளே போவேன். மூன்றாவது வாரம் எனக்கு அவளை ரொம்பத் தேடியது. போனில் பேசினால் பேசி முடித்த பிறகு இன்னும் அதிகமாகத் தேடியது. வீட்டில் ஒரு வாசனையும் இல்லை, அதுதான் குறை என்று கண்டுபிடித்தேன். காலை ஏழு மணிக்கு அவள் அரைக்கிற தேங்காய்ச் சட்னியின் வாசனை வந்துவிட்டால் பாதி செல்வி வந்த மாதிரி என்று என் மூளை கணக்குப் போட்டது.

ஃப்ரீசரில் துருவிய தேங்காய்ப் பொட்டலம் ஒன்று செங்கல் மாதிரி உறைந்து கிடந்தது. செல்வி அதை முதலில் வெளியே எடுத்து வைப்பாள் என்பது தெரியும். எவ்வளவு நேரம் என்பது தெரியாது. எனக்கோ அவசரம். தோசைக் கரண்டியால் அடித்து உடைத்து, பெரிய துண்டாக இரண்டை எடுத்து, மிக்ஸியின் சின்ன ஜாரில் போட்டு, மூன்றாம் எண்ணுக்குத் திருகினேன். (ஒன்று, இரண்டு என்று முன்னால் இரண்டு எண்கள் இருப்பது சும்மா அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.) மிக்ஸி உறுமியது, இருமியது, ரப்பர் கருகும் நாற்றத்தோடு அடங்கியது. நான் கேட்டது சட்னி வாசனை.

ஜாரைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் இருந்த ரப்பர் பல் நைந்து போயிருந்தது. பிளேடு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. தண்ணீர் ஊற்றினால் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. அடியில் ஏதோ கீறல்களும் இருந்தன. பழைய ஜார், கீறல் இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். இந்த வரியை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். என்னை மறக்க விடாமல் ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள்.

செல்வியிடம் சொல்லப் பயம். அது அவளுக்குச் சீராக வந்த மிக்ஸி. கடை கடையாக ஏறி இறங்கினேன். ஜார் மட்டும் தனியாக வராது, புது மிக்ஸி வாங்குங்கள் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அப்போதுதான் பாஸ்கர் உபதேசம் செய்தான். அவன் பழைய பெட்டிக்குச் சக்கரம் வேண்டுமென்று புதுப் பெட்டி வாங்கி, சக்கரத்தை மாற்றிக்கொண்டு, 'கலர் பிடிக்கல' என்று திருப்பிக் கொடுத்தவன். ஃபேனின் திருகும் குமிழுக்காக ஒரு முழு ஃபேனை எம்ஆர்டி ரயிலில் தூக்கிக்கொண்டு போய்த் தூக்கிக்கொண்டு வந்தவன்.

"சிங்கப்பூர்ல ரிப்பேர் கடைன்னு ஒண்ணு கிடையாதுடா. ரிட்டர்ன் கவுண்டர்தான் ரிப்பேர் கடை" என்றான்.

அதே கம்பெனி, அதே மாடல் மிக்ஸியை வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து புதுச் சின்ன ஜாரை எடுத்துக்கொண்டு, பழையதைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கி, அதே பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, டேப்பை முன்பு இருந்த கோட்டிலேயே ஒட்டினேன். என் வாழ்நாளில் ஆபீஸ் வேலையைக்கூட நான் அவ்வளவு நேர்த்தியாகச் செய்ததில்லை.

மறுநாள் கவுண்டரில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைச் சங்கிலி கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஏன் திருப்பித் தருகிறேன் என்று கேட்டார். சத்தம் அதிகம் என்றேன்.

"மிக்ஸின்னா சத்தம் வரும்லா, தம்பி. பின்ன பாட்டா வரும்?"

பாஸ்கர் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். வீட்டில் மனைவி மாசமாக இருக்கிறாள், அவளுக்குச் சத்தம் ஆகவில்லை, திடுக்கிடுகிறாள் என்றேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. எத்தனை மாசம் என்று கேட்டார். எட்டு என்றேன். நடக்கச் சொல்லுங்கள், குளிர்ந்த தண்ணீர் வேண்டாம் என்றெல்லாம் சொல்லி, பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தவளை நான் ஆங் மோ கியோவில் திடுக்கிட வைத்திருந்தேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. எம்ஆர்டியில் ஏறியதும் சரியாகிவிட்டது.

அன்று சாயங்காலம் செல்வி வீடியோவில் வந்தாள். நான் சமையலறையில் நின்று வெற்றிகரமாகச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். அவள் திரையில் உற்றுப் பார்த்து, சின்ன ஜார் என்ன இவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்று கேட்டாள். நன்றாகத் தேய்த்தேன் என்று பெருமையடித்தேன்.

"அடியைப் போட்டுத் தேய்ச்சிடாதீங்க. அப்பா எழுதுனது அழிஞ்சிடப் போகுது."

சரி சரி என்று சொல்லிவிட்டு, போன் வைத்ததும் ஜாரைத் திருப்பினேன். கம்பெனி ஸ்டிக்கர் ஒன்று இருந்தது.

செல்வியின் அப்பா பஸ் கண்டக்டர். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான்கே மாதம்தான் இருந்தார். செய்தி வந்து, டிக்கெட் எடுத்து, திருச்சியில் இறங்கி, நாங்கள் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. செல்வி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசுவதே இல்லை. சின்ன ஜாரைக் கழுவும்போது மட்டும் ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்று நான் ஓரிரு தடவை நினைத்திருக்கிறேன். தண்ணீர் வீணாகிறதே என்றும் சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போது என்னை நானே இரண்டு அறை அறைய வேண்டும் போலிருக்கிறது.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, கடை திறப்பதற்கு முன்பே புது ஜாரைப் பையில் போட்டுக்கொண்டு போய் நின்றேன். கவுண்டர் திறப்பதற்குள் என் பின்னால் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். புது ஜாரை அக்கா முன்னால் வைத்து, நேற்றுத் திருப்பிக் கொடுத்த மிக்ஸியில் ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தார். ஜாரைப் பார்த்தார். மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, பழைய ஜாரை எடுத்து, அடிப்பக்கம் தன் பக்கமாக இருக்கும்படி பிடித்துக்கொண்டார்.

"நீங்க போனப்புறம்தான் பெட்டியத் திறந்தேன். உங்க நம்பர் இருந்துச்சு. கூப்பிடல. எழுதி வச்ச சாமான தொலைச்சவன் தானா வருவான்னு விட்டுட்டேன்" என்றார். "இதுல என்ன எழுதிருக்குன்னு சொல்லுங்க, தம்பி. சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க."

வழக்கமாகப் பாத்திரங்களில் பெயர்தானே வெட்டுவார்கள். செல்வி என்றேன். இல்லை என்றார். அவள் அப்பா பெயரைச் சொன்னேன். அதுவும் இல்லை. கல்யாணத் தேதியா என்று கேட்டேன். எனக்கு ஏதோ பரிசுப் போட்டியில் நிற்பது போலிருந்தது. பின்னால் நின்ற ஒருவர், "வீட்டுக்கு போன் போட்டுக் கேளுங்க, பிரதர். எனக்கு ஷிஃப்ட் இருக்கு" என்றார்.

"போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. மாசமா இருக்கிற பொண்ணு திடுக்கிடுதான்னு நானும் கேக்கறேன்" என்றார் அக்கா.

போட்டேன். வேறு என்ன செய்ய? திண்டுக்கல்லில் அப்போதுதான் விடிந்திருந்தது. தூக்கக் குரலில் எடுத்தாள்.

"செல்வி, ஜார்ல உங்கப்பா என்ன எழுதினார்?"

"கையிலதானே இருக்கு? திருப்பிப் பாருங்க."

"கையில இல்ல" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். உறைந்த தேங்காய், நைந்த ரப்பர், பாஸ்கர், பிரஷ், டேப், சத்தம் ஆகாத கர்ப்பிணி, எல்லாம். வரிசையில் ஒருவரும் அசையவில்லை. (ஷிஃப்ட் இருந்தவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.) லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"கை பத்திரம்" என்றாள் செல்வி. "கை பத்திரம்னு எழுதிருக்கும்."

அக்கா ஜாரை என் பக்கம் திருப்பினார். நான் கீறல் என்று நினைத்தது எழுத்து. பாத்திரக் கடைக்காரர் புள்ளி புள்ளியாக வெட்டுகிற குண்டு எழுத்து இல்லை. ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி எழுதிப் பழகிய கை, கடைக்காரரிடம் மெஷினை வாங்கித் தானே வெட்டியது. ஏறி இறங்கி, கோணிக்கொண்டு, கை பத்திரம். செல்விக்கு ஒன்பது வயதில் மிக்ஸி பிளேடில் விரல் பட்டு மூன்று தையல் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து அவள் மிக்ஸி பக்கம் போனாலே வாசலிலிருந்து குரல் கொடுப்பாராம். சிங்கப்பூர் வரைக்கும் குரல் எட்டாது என்று எழுதி அனுப்பியிருக்கிறார். ஒரு வருடத்துக்கு மேல் அது என் வீட்டில் என் கண்முன்னால் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது. நான் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. அவளைத் தேடுகிறது, தேடுகிறது என்று போனில் புலம்பியவன் நான்தான்.

"கிடைச்சிடுச்சா?" என்று கேட்டாள்.

"கிடைச்சிடுச்சு."

"கல்லு மாதிரி தேங்காயப் போட்டீங்களே, உங்க கைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள்.

அக்கா போனை என் கையிலிருந்து வாங்கி, "கையெல்லாம் நல்லாத்தான்மா இருக்கு, மண்டைதான் கொஞ்சம் செக் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு, குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே என்று அவளுக்கும் ஒரு முறை சொன்னார். புது ஜாரை எடுத்துப் பெட்டியில் வைத்தார். நல்ல ஜாரைக் கொடுத்துவிட்டு ஒழுகுகிற ஜாரை வாங்கிக்கொண்டு, கோப்பையை வென்றவன் போல மார்பில் அணைத்தபடி வெளியே வந்தேன். செராங்கூன் ரோட்டில் நின்று அழுதேன். பூக்கடைக்காரர் டிஷ்யூ கொடுத்தார்.

அந்த ஜார் இன்றைக்கும் ஒழுகுகிறது. அதில் கரண்டிகள் நிற்கின்றன. எங்கள் வீட்டில் எனக்கு ஏதாவது தெரியும் என்று நான் சொன்னால் போதும், "திருப்பிப் பாத்தீங்களா?" என்று செல்வி கேட்பாள். பேசக் கற்ற நாளிலிருந்து மகளும் கேட்கிறாள். மின்சாரக் கட்டணமானாலும் சரி, மாம்பழமானாலும் சரி, அதே கேள்விதான். சொந்தக்காரர்கள் வந்தால் கவுண்டர் கதையை மகள்தான் சொல்வாள், அக்கா குரலிலேயே. அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது என்று யாரும் நம்பமாட்டார்கள்.

போன ஜூன் பள்ளி விடுமுறைக்கு இரண்டு பேரும் திண்டுக்கல் போனார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. வாசலில் இப்போது இரண்டு ஜோடிச் செருப்பு. தாண்டித் தாண்டி உள்ளே போனேன். ஒன்பதாவது நாள் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும்போது அடியில் ஏதோ கீறல் தெரிந்தது. பழைய டம்ளர், இருக்கத்தான் செய்யும் என்று வைத்துவிட்டேன். விளக்கை அணைத்துவிட்டு ஹால் வரை போனவன் திரும்பி வந்து, விளக்கைப் போட்டு, டம்ளரை எடுத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடக் காம்பஸ் முனையால் கீறிய எழுத்து, ஏறி இறங்கி, கோணிக்கொண்டு:

'அப்பா, இப்பவாவது திருப்பிப் பாத்தியா?'

ஒன்பது நாள் அதே டம்ளரில்தான் காபி குடித்திருக்கிறேன். பாத்துட்டேன் பாப்பா என்று சத்தமாகவே சொன்னேன். அவர்கள் வர இன்னும் பதினாறு நாள் இருந்தது.