குளத்தைக் கண்ணாடியாக்கிய கதை

அறிவில் எங்களைவிட உயர்ந்த (இதைத் தாங்களே பலமுறை உணர்த்தியிருக்கிறீர்கள்) மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது. இங்கே அனைவரும் நலம், குளத்து மீன்கள் நீங்கலாக.

போன மாதம் வந்தபோது எங்கள் குடியிருப்புக் குளத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி, "மாமா, இந்தப் பச்சை அழுக்கு இல்ல, கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசி. குளத்துக்கு மூச்சே இதுதான். இந்த வருஷ வெயிலும் வீட்டுச் சோப்புத் தண்ணியும் சேர்ந்து கொஞ்சம் மிஞ்சிடுச்சு. சாக்கடைக் குழாயை அடைங்க, பாசியைத் தொடாதீங்க" என்றீர்கள். முப்பது வருடம் ஊர்த் தராசுகளைச் சோதித்து ஓய்வு பெற்றவனுக்கு, குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு, பாசியைப் பற்றிப் பாடமா? பாசியைக் கொல்ல இரண்டு மூட்டை மயில்துத்தத்தைக் கரைத்துக் குளத்தில் ஊற்றினேன். மூன்றே நாளில் குளம் கண்ணாடி. அடியில் கிடந்த யாருடையதோ ஒரு செருப்புகூடத் தெரிந்தது. இடுப்பில் கைவைத்து நின்று படமும் எடுத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் காலையில் மீன்களெல்லாம் மேலே வந்து, சங்கக் கூட்டத்து உறுப்பினர்கள் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடின, மதியத்துக்குள் மல்லாந்தன. செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடுமாம். மாடி வீட்டுப் பல் டாக்டர் மீன்களை வலையால் அள்ளிக்கொண்டே, பல் பிடுங்கும் நிதானத்தோடு, இதை எனக்கு விளக்கினார். அதோடு விட்டதா? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையாக, நல்ல பாசி போன இடத்தில் நீலப்பச்சைப் பாசி ஒன்று பெயின்ட் கொட்டியதுபோல் படர்ந்து, ஒரு வாரமாக ஒரு வீட்டிலும் ஜன்னல் திறக்க முடியவில்லை.

"மாப்பிள்ளை சொன்னப்ப காதை எங்க கழட்டி வச்சிருந்தீங்க?" என்கிறாள் தங்கள் மாமியார்.

"அவர் இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்" என்றேன். ஆகவே குற்றம் தங்களுடையது. படித்தவர் கையைப் பிடித்தல்லவா தடுத்திருக்க வேண்டும்? இனி எங்கள் குளத்து விஷயத்தில் தலையிட வேண்டாமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மகளுக்கு என் ஆசி. தங்கள் பாசி ஆராய்ச்சி செழிக்கட்டும், எங்கள் மதிலுக்கு வெளியே.

தங்கள் மாமனார்,
செயலாளர்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் சங்கம் கூடி என்னை நீக்கிவிட்டது. புதிய செயலாளர் தங்கள் மாமியார். தினமும் காலையில் குளத்துத் தண்ணீரைப் பிடித்துச் சோதிப்பது எனக்கு இட்ட தண்டனை. இன்று டாக்டர் வீட்டு நுண்ணோக்கியில் ஒரு சொட்டு பார்த்தேன். கண்ணாடியில் செதுக்கிய தோணி மாதிரி ஒன்று, தன்னந்தனியாக, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அரை மணி நேரம் நான் எழுந்திருக்கவில்லை. அதுக்குப் பேர் என்ன மாப்பிள்ளை? சனிக்கிழமையே வந்துடுங்க.